அந்த அரை நிமிடம்

வேலூர்ப் பக்கத்தில் மனநல மருத்துவம் பார்ப்பவருக்கு முன்னாள் ராணுவத்தினர் புதியவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இங்கே உண்டு. தூக்கமில்லை, தலைவலி, கோபம் என்று வருவார்கள். பயம் என்ற சொல்லை மட்டும் எடுக்கமாட்டார்கள்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றி, அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். 1999 ஜூன், கார்கில் போர். அவருக்கு வயது 22. பீரங்கிப் படையில் வயர்லெஸ் இயக்குபவர். த்ராஸ் பகுதியில் காலாட்படையோடு இரவில் மலையேறி, எங்கே சுட வேண்டும் என்பதைக் கீழே இருக்கும் பீரங்கிகளுக்குச் சொல்ல வேண்டும். அதிகாரி சொன்ன எண்களை அனுப்ப வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரை நிமிடம் குரலே எழவில்லை. பிறகு எழுந்தது, விடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

விடியும்வரை பேசியதை அவர் கணக்கில் வைக்கவில்லை. "அந்த அரை நிமிடத்தில் யாராவது செத்திருப்பார்களா, டாக்டர்?" என்று கேட்க அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உயிருக்கு ஆபத்து என்று மூளை உணர்ந்த நொடியில் அட்ரினலின் பாய்கிறது. ரத்தம் கைகால் தசைகளுக்கு ஓடுகிறது. செரிமானம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதனால் உமிழ்நீர் வற்றுகிறது. கை நடுங்கும். சிலருக்குத் தங்களையறியாமல் சிறுநீர் பிரியும். பதக்கம் வாங்கியவரின் உடலும் இதையேதான் செய்திருக்கும். ஆனால், புறமுதுகிட்டிருந்தால் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்ற தாயின் பாட்டைப் படித்து வளர்ந்த பையனிடம் இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவன் தன் உடலையே துரோகி என்று எண்ணிக்கொள்கிறான்.

இந்த அறியாமை உயிரையும் வாங்கியிருக்கிறது. முதல் உலகப்போரில், போர் அதிர்ச்சிக்காக மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை பெற்ற ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் வீரர், மறுபடி முன்னணிக்குப் போக முடியாமல் நின்றார். கோழை என்று 1916 அக்டோபரில் சொந்தப் படையே அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்கும், அவரைப் போலக் கொல்லப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்கும் 2006இல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

வீட்டில் இருப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: விடுமுறையில் வந்தவரிடம் "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்காதீர்கள். தீபாவளி வெடிச்சத்தத்துக்கு அவர் உள்ளறைக்குப் போய்விட்டால் கேலி செய்யாதீர்கள். கெட்ட கனவில் அலறுகிறார், கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறார், கேன்டீன் ரம் இல்லாமல் படுக்க முடியவில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் உதவும். ஓய்வுபெற்றவர்கள் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் மூலம் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

அன்று உடன் ஏறியவர்களில் ஒருவர் பாலக்காட்டில் இருக்கிறார். சென்ற மாதம் இவர் தானாகவே அவருக்குத் தொலைபேசியில் அழைத்து, அரை நிமிடக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்படியொரு தாமதமே நினைவில் இல்லை. அன்று தன் காற்சட்டை நனைந்ததுதான் அவருக்கு நினைவிருந்தது.