'ப்ளு' என்று காதில் விழுந்தால் மூச்சை நிறுத்துங்கள்

போன குளிர்காலத்தில் என் வகுப்புக்கு வரும் ஒரு அக்கா நெஞ்சு ஸ்கேன் எடுக்கப் போனார். அவரைப் படுக்க வைத்தாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் குரல் வந்தது: "அன்ஸ்பிரே... ரெஸ்பிரே ப்ளு." அக்கா மூச்சை இன்னும் பலமாக இழுத்தார். அதே குரல் சத்தமாகத் திரும்ப வந்தது. அக்கா இன்னும் வேகமாக இழுத்து விட்டார். படம் கலங்கலாக வந்து, மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"ரீச்சர், ப்ளு எண்டா கூட எண்டுதானே? அதான் நல்லா இழுத்து இழுத்து விட்டனான்."

நான் புதுச்சேரிக்காரி. பாரிசில், லா ஷப்பல் பக்கம், வேலை முடிந்து வரும் தமிழ்ப் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். அந்த அக்காவின் கேள்வி நியாயமானது. 'அன்ஸ்பிரே' என்றால் 'மூச்சை உள்ளே இழுங்க'. அடுத்து அவர்கள் சொன்ன வாக்கியம் முழுசாக 'ந ரெஸ்பிரே ப்ளு', அதாவது 'மூச்சை நிறுத்திப் பிடிங்க'. புத்தகத்தில் எதிர்மறை ஏவலுக்கு, அதாவது 'செய்யாதே' என்று சொல்லும் வினைக்கு, முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா' அல்லது 'ப்ளு' வரும். பேச்சில் முன்னால் உள்ள 'ந'வைப் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். 'அசையாதீங்க' என்பது 'பூஜே பா' என்று வரும். நம் ஆட்கள் 'பூஜே'யைக் கேட்டதும் அசைந்துவிடுகிறார்கள். அதனால் ஏவல் வாக்கியத்தைக் கடைசி அசை வரைக்கும் கேளுங்கள். கடைசியில் 'பா' வந்தால் செய்யக் கூடாது; 'ப்ளு' வந்தால் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். 'இன்னும் அதிகமாக' என்று சொல்ல நினைத்தால், வாக்கிய முடிவில் பொதுவாக 'ப்ளுஸ்' என்று ஸ் சேர்த்தே சொல்வார்கள். அந்த ஒரு ஸ்-இல்தான் அக்காவின் ஸ்கேன் கெட்டது.

ஏவலை உருவாக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நிகழ்கால வினையை எடுத்து, முன்னால் உள்ள 'து' (நீ), 'நூ' (நாம்), 'வூ' (நீங்கள்) ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் போதும். 'பார்ல்' என்றால் பேசு, 'பார்லே' என்றால் பேசுங்கள், 'பார்லோன்' என்றால் பேசுவோம். மூன்றே வடிவம். அந்த மூன்றாவதுக்கு நல்ல உதாரணம் பிரான்சின் தேசிய கீதம். 1792-இல் எழுதப்பட்ட அந்தப் பாட்டு 'அலோன்', அதாவது 'புறப்படுவோம்' என்றுதான் தொடங்குகிறது. 'எர்' முடிவுள்ள வினைகளில் 'து' வடிவத்தின் கடைசி எஸ் எழுத்து விழுந்துவிடும். ஒலியில் வித்தியாசம் இல்லை, எழுதும்போது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'செய்யுங்கள்', 'சொல்லுங்கள்' என்பதற்கு 'ஃபெஸே', 'திஸே' என்று சொல்லாமல் 'ஃபெத்', 'தித்' என்று சொல்லிப் பழகுங்கள். இந்த வழிக்கு அடங்காத வினைகள் நான்கு: 'சுவாயே' (இருங்கள்), 'ஏயே' (வைத்திருங்கள்), 'சஷே' (அறியுங்கள்), 'வெய்யே' (தயவுசெய்து). கடைசியாகச் சொன்னது அரசாங்கக் கடிதம் ஒவ்வொன்றிலும் இருக்கும்.

முதல் வாரத்தில் எல்லாரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பிரெஞ்சில் 'வா' என்றால் போ! 'வா' என்று கூப்பிட 'வியான்' என்று சொல்ல வேண்டும்.

'து', 'வூ' வித்தியாசத்தை நமக்குப் பாடம் நடத்தவே வேண்டாம், வா, வாங்க என்று பிறந்ததிலிருந்து பேசுகிறோம். ஆனாலும் வீட்டில் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டே பிரெஞ்சு பழகிய அப்பாமார் அலுவலகக் கவுன்ட்டரில் போய் "அத்தான்" என்கிறார்கள். நம் காதுக்கு உறவுமுறை போல விழும் அந்தச் சொல்லுக்கு 'பொறு' என்று பொருள். கவுன்ட்டரில் இருப்பவரிடம் 'அத்தாந்தே' என்றுதான் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத அதிகாரியை 'பொறு' என்றால் நம் ஊரிலும் முகம் மாறத்தானே செய்யும்?

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது, வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பதும் அதற்குத்தான். தமிழில் 'ஃபார்ம் குடுங்க' என்றால் அந்த 'ங்க'விலேயே பணிவும் வேண்டுகோளும் அடங்கிவிடுகிறது. அதை அப்படியே மாற்றி "தொனே முவா ல ஃபோர்முலேர்" என்றால் பிரெஞ்சுக் காதுக்கு அது அதட்டல். 'வூ' வடிவம் மரியாதையைத் தரும், கெஞ்சலைத் தராது. கெஞ்சலுக்கு வேறு சொற்கள் வேண்டும். முதலில் "போன்ஜூர்" (வணக்கம்), அப்புறம் "ஜ வூத்ரே", அதாவது 'எனக்கு வேண்டியிருந்தது' என்கிற மாதிரி, முடிவில் "சில் வூ ப்ளே" (தயவுசெய்து). ஃபார்ம் கேட்கும் நம் ஆள் மனசில் எந்தத் திமிரும் கிடையாது, எதிரே இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஒரு காரணத்தால் மட்டும் முகம் சுண்டித் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, 'எனக்கு', 'அவருக்கு' போன்ற சொற்கள் ஏவலில் இடம் மாறும். 'கொடுங்கள்' என்றால் வினைக்குப் பின்னால்: 'தொனே முவா'. 'கொடுக்காதீர்கள்' என்றால் முன்னால்: 'ந ம தொனே பா'. இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, மருந்துக்கடையில் சொல்லும் நாலு வாக்கியமாக வாய்க்குப் பழக்குங்கள்.

புரியாவிட்டால் நாமும் ஓர் ஏவல் சொல்லலாம்: "ரெபெத்தே, சில் வூ ப்ளே." திரும்பச் சொல்லுங்கள், தயவுசெய்து. அந்த அக்கா மார்ச்சில் இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது, மைக்கில் குரல் வந்ததும் முதலில் இதைத்தான் சொன்னாராம். இந்த முறை அவர்கள் மெதுவாக, 'ந'வையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.