மீற்றரில் 12 வோல்ற் இருக்கிறது, பைக் ஏன் அசையவில்லை?

மழை விட்டு, வெள்ளம் வடிந்து, வயலில் அறுவடை மெசின் இறங்கத் தொடங்கும் இந்த நாட்களில் வருடா வருடம் ஒரே மாதிரியான கேள்வி வரும். இம்முறை கேட்டவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தம்பி. கார்த்திகையில் தறப்பாளால் மூடி வைத்த பைக்கை இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறார். பற்றரி புதிது. மீற்றரை வைத்தால் 12.6 வோல்ற் காட்டுகிறது, சிக்னல் லைற் நன்றாக எரிகிறது, ஆனால் எஞ்சினைக் கிளப்பும் செல்ப் பொத்தானை அழுத்தினால் ஒரேயொரு ‘டிக்’, அவ்வளவுதான். கராஜில் செல்ப் மோட்டருக்கு மின்னை விடும் ரிலே போய்விட்டது என்று மாற்றியிருக்கிறார்கள், புது ரிலேயும் அதே ‘டிக்’. “வோல்ற் இருக்கிறதே அண்ணா, பிறகு எங்கே பிழை?” என்று கேட்கிறார்.

முதலில் பற்றரி விசயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். ஈய-அமிலப் பற்றரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ற் வரை காட்ட வேண்டும். 12.0 பக்கம் வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. எதுவும் பூட்டாமல் கிடந்தாலும் அது தானாக இறங்கும், வெப்பநிலை 10 பாகை கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் தட்டுகளில் ஈயச் சல்பேற்று பளிங்காக இறுகி அதன் பிறகு சார்ஜ் பிடிக்காது. அலாரம் போன்ற ஏதாவது ஒன்று வெறும் 10 மில்லி அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் 7.2 அம்பியர் மணி போய்விடும், 5 அம்பியர் மணிப் பற்றரி அதற்கு முன்பே படுத்துவிடும். பற்றரியைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இன்றைக்கும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். மரப்பெட்டியிலும் பழைய றப்பர்ப் பெட்டியிலும் பற்றரி வந்த காலத்தில், ஈரத்தோடு அமிலமும் கசிந்து மின் ஒழுகியபோது அதில் நியாயம் இருந்தது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது, சொல்லப்போனால் குளிர்ந்த சீமெந்து நிலம் பற்றரிக்கு நல்லதுதான். ஒரு காலத்தில் சரியாக இருந்த அறிவு, காரணம் மறந்துபோனதும் மூடநம்பிக்கையாகிவிடுகிறது. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

சரி, தம்பியின் பற்றரி நல்லது. அப்படியென்றால் மூன்று மாதம் தறப்பாளுக்குள் என்ன நடந்தது?

குளிர் நாடுகளில் பைக்கைப் பனிக்காலத்துக்கு மூடி வைப்பார்கள், நமக்கு அது மாரி. வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அதோடு நம் கரையோரத்தில் கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்க, காற்றில் எப்போதும் உப்பு. உப்பு என்றால் சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைட்டு மட்டும் இல்லை, கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் காற்று அந்த அளவுக்கு உலர்வதே அரிது. ஆகவே வயர் பூட்டில், அதாவது வயர்கள் இணையும் இடத்தில், படிந்த உப்பு வெயில் நாளிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஈரமாகவே இருக்கும். இதை ஒரு மின்பகுபொருள், அதாவது மின்னைக் கடத்தும் கரைசல், என்று சாதாரண தரப் பிள்ளையும் சொல்லும். அதற்கு மேல், சாவியை எடுத்த பிறகும் பற்றரியிலிருந்து பியூசுக்கும் இக்னீஷன் சுவிட்சுக்கும் போகும் வயரில் 12 வோல்ற் இருந்துகொண்டே இருக்கிறது. மின்பகுபொருளும் இருக்கிறது, வோல்றும் இருக்கிறது, அப்புறம் என்ன, பொசிற்றிவ் பக்கத்துச் செம்பு அயனாகிக் கரைந்து குளோரைட்டோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் படிகிறது. வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால், சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயர்களின் முனை ஓரளவு மஞ்சளாகவே இருக்க, எப்போதும் மின் இருக்கும் அந்த ஒரு வயரின் முனை மட்டும் பச்சையாகிப் பொரிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இரண்டு உலோகம் தொடுகிறது என்றால் உண்மையில் எவ்வளவு தொடுகிறது?

பற்றரி முனையில் ஒரு வளையத்தை வைத்து போல்ட்டால் இறுக்கினால், பார்வைக்கு ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது போலத் தெரியும். அது தோற்றம்தான். எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் உலோகத்தின் மேற்பரப்பு நுண்ணளவில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும், இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மேட்டு நுனிகள் சில மட்டுமே தொடும். அழுத்தும்போது அந்த நுனிகள் நசுங்குகின்றன. எதுவரை நசுங்கும்? போட்ட விசையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு கிடைக்கும்வரை. எனவே உண்மையில் தொடும் பரப்பு என்பது விசையை உலோகத்தின் வன்மையால் வகுத்தால் வருவது. செம்பின் வன்மையை ஒரு கிகா பஸ்கால் என்று வைத்து, கப்ளரின் உள்ளே இருக்கும் தகடு ஒரு கிலோ எடைக்குச் சமமாக, அதாவது 10 நியூற்றனால் அழுத்துகிறது என்றால், தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு! முழு மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெருங்கி நுழைந்து வெளியே வருகிறது. இந்தப் புள்ளிகளையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் சுவீடனில் பிறந்து ஜெர்மனியில் வேலை செய்த ரக்னர் ஹோல்ம். இதில் என்னை வியக்க வைப்பது, தொடும் பரப்பு தகட்டின் அகலத்தில் தங்கியிருக்கவில்லை, அழுத்தும் விசையில்தான் தங்கியிருக்கிறது. பெரிய வளையம், தடித்த வயர் என்று எதைப் போட்டாலும் போல்ட் தளர்ந்திருந்தால் பயனில்லை.

சுத்தமான உலோகமென்றால் அந்தச் சில புள்ளிகளே போதும், தடை ஒரு மில்லி ஓம் அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் களிம்போ ஒக்சைட்டோ புகுவதற்கும் அந்தச் சிறு புள்ளிகள் போதும். செம்பின் சிவப்பு ஒக்சைட்டு ஒரு குறைகடத்தி, 1920களில் அதை வைத்தே ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றும் கருவி செய்தார்கள். அந்தப் பொருள், பற்றரியின் நெகற்றிவ்வை எஞ்சினோடு இணைக்கும் உங்கள் எர்த் வயருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மில்லி ஓம் அரை ஓம் ஆகிறது, பத்து ஓம் ஆகிறது, சில இடங்களில் ஆயிரம் ஓமையும் தாண்டுகிறது.

இப்போது மீற்றரைப் பார்ப்போம். டிஜிட்டல் மீற்றர் ஒன்றின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அது அளக்கும்போது எடுப்பது ஒரு மைக்ரோ அம்பியர் சொச்சம். V = IR (வோல்ற் = மின்னோட்டம் × தடை) என்பதில் I ஒரு மைக்ரோ அம்பியர் என்றால், வழியில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் இழப்பது வோல்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு இலட்சம் ஓம் இருந்தால்கூட 12.6க்குப் பதில் 12.5 காட்டும், நீங்களும் நல்லது என்று நம்பிவிடுவீர்கள். அதே ஆயிரம் ஓம் வழியாக 21 வாற்று சிக்னல் பல்பை எரிக்கப் பாருங்கள், அதற்கு 1.75 அம்பியர் வேண்டும், கிடைப்பது 12 மில்லி அம்பியர், இழை சிவக்கவே சிவக்காது. மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள பழைய கல்லடிப் பாலம் ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம், ஆனால் அந்தக் காலத்தில் நள்ளிரவில் தனியாகப் போனவருக்கு அதன் ஒடுக்கம் தெரியாது, பள்ளி விடும் நேரத்தில்தான் தெரிந்தது. மீற்றர் நள்ளிரவில் போகிற ஆள்.

ஓம் அளவுக்குத் திருப்பி வயரை அளந்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். அதுவும் ஏமாற்றும். சாதாரண மீற்றரின் வயர்களுக்கே பத்தில் இரண்டு மூன்று ஓம் தடை உண்டு. சின்னப் பைக்கின் செல்ப் மோட்டருக்குக் கணக்குக்கு 50 அம்பியர் வேண்டுமென்றால், பூட்டில் 0.1 ஓம் இருந்தாலே 5 வோல்ற் அங்கேயே போய்விடும், மோட்டர் அசையாது. அந்த 0.1 ஓமை மீற்றரால் பிரித்துக் காட்டவே முடியாது.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். எங்கே வோல்ற் இருக்கிறது என்று தேடாமல், மின் ஓடும்போது எங்கே வோல்ற் தொலைகிறது என்று தேடுங்கள். மீற்றரை 20 வோல்ற் நேரோட்டத்தில் வையுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் ஈயத்திலேயே குத்துங்கள், அதில் மாட்டியிருக்கும் வளையத்தில் வேண்டாம். மற்ற முனையை எஞ்சினின் சுத்தமான இடம் ஒன்றில் குத்துங்கள். சும்மா இருக்கும்போது பூச்சியம்தான் காட்டும். கியரை நியூற்றலில் வைத்து, இன்னொருவரைச் செல்பை ஒரு வினாடி அழுத்தச் சொல்லுங்கள். இப்போது தெரிவது அந்தப் பாதையில் தொலைந்த வோல்ற். 0.2க்குள் இருந்தால் நல்லது. 3, 4 என்று ஏறினால் கள்ளன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். பிறகு எஞ்சினில் குத்திய முனையை ஒவ்வொரு பூட்டாகப் பற்றரியை நோக்கி நகர்த்துங்கள், எந்தப் பூட்டைத் தாண்டியதும் 4 சட்டென்று 0.1க்கு விழுகிறதோ அந்தப் பூட்டைக் கழற்றினால் போதும். பொசிற்றிவ் பக்கமும் இதே முறைதான். லைற்றில் பிழை என்றால் லைற்றைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மீற்றர் இல்லாதவர்கள் பழைய சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஈடி வைத்த டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது, அது சில மில்லி அம்பியரிலேயே எரிந்து உங்களை ஏமாற்றும்.

‘டிக்’ சத்தமும் ஒரு தடயம். சத்தம் ‘டிக் டிக் டிக்’ என்று படபடத்தால் பற்றரி பலவீனம், அல்லது பற்றரி முனையிலேயே பூட்டுச் சரியில்லை. ரிலே மூடுகிறது, மோட்டர் இழுத்ததும் முழு வோல்றும் சரிகிறது, ரிலேயின் சுருளுக்கும் போதாமல் விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ற் திரும்பி வர மறுபடி மூடுகிறது. ஒரேயொரு ‘டிக்’ என்றால் சுருளுக்கு வோல்ற் நிறையக் கிடைக்கிறது. ஆகவே குற்றம் ரிலேயிலோ, ரிலேக்கும் மோட்டருக்கும் இடையிலோ, எஞ்சினின் எர்த்திலோ, மோட்டரிலோதான். ரிலே புதிது என்பதால் தம்பியை எஞ்சின் எர்த்தைப் பார்க்கச் சொன்னேன். வளையத்தின் கீழே கறளும் பெயின்றும், வயரின் தோலைச் சீவினால் உள்ளே செம்பு கரிபோலக் கறுத்து இரண்டு விரற்கடை தூரம் போயிருந்தது, மெல்லிய இழைகளுக்கிடையே ஈரம் ஏறிப் போயிருக்கிறது. கறுத்த பகுதியை வெட்டி, புது வளையம் போட்டு, எஞ்சின் பக்கத்தை எமரி பேப்பரால் வெள்ளையாகத் தேய்த்து இறுக்கியதும் செல்ப் அடித்தது. மாற்றிய பழைய ரிலேயும் நல்ல ரிலேதான், அந்தக் காசு வீண்.

V = IR என்ற விதியைத் தந்த ஓம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் படிப்பித்தபடி, அங்கே இருந்த நல்ல ஆய்வுகூடத்தில் வயர்களை மாற்றி மாற்றி அளந்து 1827இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சொந்த நாட்டில் மதிக்காதபோதும் 1841இல் இலண்டன் றோயல் சங்கம் அவருக்குக் கொப்லி பதக்கம் கொடுத்தது. ஒரு சுற்றில் தொலையும் வோல்றை எல்லாம் கூட்டினால் பற்றரியின் வோல்ற் வர வேண்டும் என்று 1845இல் சொன்ன கிர்க்கோப் அப்போது 21 வயது மாணவர். நம் பிள்ளைகள் இருவருடைய விதியையும் மனப்பாடமாக எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள், ஆனால் வாவிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வோல்ற்றுமானியைக் கையால் தொடாமலே பரீட்சை எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். கட்டடம் கட்டக் காசு வருகிறது, திறப்பு விழா நடக்கிறது, உள்ளே பத்து மீற்றர் வாங்க ஒதுக்கீடு இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒரு பழுதான எர்த் வயரையும் ஒரு மீற்றரையும் பிள்ளையிடம் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அந்த அத்தியாயம் முழுக்க விளங்கிவிடும்.

அடுத்த ஐப்பசிக்கு முன் செய்ய வேண்டியது இதுதான். பைக்கை மூடுவதற்கு முன் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், வயரிங்கில் வோல்றே இல்லையென்றால் அந்த மின்பகுப்பும் இல்லை. பூட்டுகளை இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். அது மின்னைத் தடுக்காதா என்று பயப்பட வேண்டாம், தொடும் நுனிகள் ஏற்கெனவே ஒன்றோடொன்று இறுகி நிற்கும், சுற்றியுள்ள இடுக்குகளை மட்டும் அது மூடி உப்பீரத்தை உள்ளே விடாது. மழைக்கு வீட்டுக்குள் வரும் எலி சீற்றுக்குக் கீழே கூடு கட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். கழற்றும்போது முதலில் நெகற்றிவ், பூட்டும்போது கடைசியில் நெகற்றிவ். மாறிச் செய்தால் பொசிற்றிவ்வில் இருக்கும் ஸ்பானர் பைக்கின் சட்டத்தில் தட்டி நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்துவிடும்.