அலுமாரிக்கு மேலிருந்த ஜப்பான் கிற்றார்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தம்பி படங்களுடன் கேட்டிருக்கிறார். பெரியப்பா வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு பழைய ஜப்பான் மின்கிற்றார் கிடந்ததாம். தலைப்பக்கத்துப் பெயர் உரிந்துவிட்டது. இனி விலை போகுமா?

பெயர் உரிந்தால் உரியட்டும். 1960களிலும் 70களிலும் மட்சுமோட்டோ நகரத்தின் ஃபூஜிஜென், மட்சுமோகு போன்ற தொழிற்சாலைகள் ஒரே பட்டறையில் செய்த கிற்றார்களுக்கு, வாங்கும் வணிகர் கேட்ட பெயர்களை ஒட்டி அனுப்பின. கழுத்தும் உடலும் சேருமிடத்தில் பின்பக்கத் தகட்டையும் தொடரிலக்கத்தையும் பாருங்கள். 70களின் பிற்பகுதியில் ஐபனெஸ் என்ற பெயரில் வந்த கிற்றார் என்றால் முதல் ஆங்கில எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ‘சி78’ என்று தொடங்கினால் 1978 மார்ச்.

எனக்குப் பிடித்த இடம் தந்திகளுக்கு அடியில் இருக்கிறது: தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் அளவே தடித்த செப்புக்கம்பி, பல ஆயிரம் சுற்று. இது தந்தியைத் தொடுவதே இல்லை. துடுப்பின் ஒரு முனையை மட்டக்களப்பு வாவியில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பாடுமீனைக் கேட்பார்களே, அங்கே அதிர்வு மரத்தின் வழியே வருகிறது. இங்கே நடப்பது வேறு. பிக்கப்பின் காந்தம் எஃகுத் தந்தியையும் சிறு காந்தமாக்கிவிடுகிறது. மீட்டியதும் அது நெருங்கி விலக, சுருளுக்குள் காந்தப்பாயம், அதாவது சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு, கூடிக் குறைகிறது. மாறும் பாயம் மின்னைத் தூண்டும் என்று 1831இல் விஞ்ஞானி பரடே கண்டது இதைத்தான். ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னும் 110 முறை முன்னும் பின்னும் ஓடும். தந்தி நின்றால் எவ்வளவு வலிய காந்தமும் ஊமைதான். நைலோன் தந்தி கட்டினாலும் அப்படியே. ‘பழைய மரம்தான் பாடுகிறது’ என்று விலையேற்றுபவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபம் வரும்.

மெழுகு ஊற்றி இறுக்காத பழைய சுருள் என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. பிக்கப்புக்கு மிக அருகில் வாயை வைத்துக் கத்துங்கள். தளர்ந்த சுற்றுகள் நடுங்கி, உங்கள் குரலே அம்ப்ளிபயரில் வரலாம்.

விலைக்கு வருவோம். நம் கடற்காற்றில் செப்பு அரிக்கும். ஒரு பிக்கப்பை மட்டும் தெரிவுசெய்து, ஒலிக்குமிழை முழுதாகக் கூட்டி, வயர் செருகும் துளையில் மல்டிமீற்றரை வையுங்கள். ஐந்து முதல் பத்து கிலோ ஓமுக்குள் காட்டினால் பெரும்பாலும் நலம். 250, 500 என்று எகிறினால் சுருள் அறுந்துவிட்டது. அப்போது நீங்கள் அளப்பது ஒலிக்குமிழின் தடையை. அறுந்தாலும் தூக்கி எறியாதீர்கள், திரும்பச் சுற்றலாம். ஆனால் யாரும் தொடாத பழைய ஈயப்பற்றுக்கே சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். தம்பி, உங்கள் படத்தில் ஒரு குமிழ் மட்டும் வேறு நிறம். அதன் அடியில் யாரோ ஏற்கெனவே கை வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.