விடுவித்த கொக்குகளை எண்ணினால் போதுமா?

அழிந்துவரும் பறவையை மறுபடி குடியேற்றும் திட்டங்களைப் பற்றிய செய்திகளில் முதலில் கண்ணில் படுவது, இத்தனை பறவைகளை விடுவித்தோம் என்ற எண். திட்டம் பலித்ததா என்று பார்ப்பவருக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. விடுவிப்பதை நிறுத்திய பிறகும் கூட்டம் தானாக நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

ஹூப்பிங் கொக்கு நல்ல உதாரணம். வட அமெரிக்காவிலேயே உயரமான பறவை, ஏறத்தாழ ஐந்தடி. 1941-இல் மிஞ்சியிருந்தவை இருபத்துச் சொச்சம். இன்றும் தானாகப் பெருகும் வலசைக் கூட்டம் ஒன்றுதான்: கோடையில் கனடா, குளிர்காலத்தில் டெக்சாஸ் கடற்கரை. அங்கே ஏதாவது பேரிடர் வந்தால் கதை முடிந்தது. எனவே இரண்டாவது கூட்டம் தேவைப்பட்டது.

1975-இல் ஐடஹோ மாநிலத்தில், சாண்ட்ஹில் கொக்கு என்ற வேறு இனத்தின் கூடுகளில் ஹூப்பிங் கொக்கின் முட்டைகளை வைத்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. வளர்ப்புப் பெற்றோருடன் பறந்து வலசை வழியையும் கற்றன. ஆனால் தங்களையே சாண்ட்ஹில் கொக்கு என்று நினைத்து வளர்ந்ததால் சொந்த இனத்தோடு ஜோடி சேரவே இல்லை. உயிர்பிழைப்பை மட்டும் அளந்திருந்தால் இதையும் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

2001-இல் விஸ்கான்சினில் வேறு வழி. வளர்ப்பவர்கள் வெள்ளை அங்கி அணிந்து, கொக்குத்தலைப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு இரை ஊட்டினார்கள். அப்புறம் சிறிய இலகு விமானம் முன்னே பறக்க, குஞ்சுகள் பின்தொடர்ந்து புளோரிடா போய்ச் சேர்ந்தன. பார்க்க வேடிக்கைதான், ஆனால் வேலை செய்தது: ஒருமுறை காட்டிய வழியில் வசந்தத்தில் தாமாகவே திரும்பின. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஏழு வயதுப் பறவை உடனிருந்த கூட்டம், ஓராண்டுப் பறவைகள் மட்டுமே கொண்ட கூட்டத்தைவிட 38 சதவீதம் குறைவாகவே நேர்வழியிலிருந்து விலகியது. அதாவது அனுபவசாலியிடமிருந்து இளையவை கற்கின்றன.

சிக்கல் கூட்டில்தான். முட்டையிட்ட ஜோடிகள் பாதியிலேயே கூட்டைக் கைவிட்டன, அதுவும் பல ஜோடிகள் ஒரே சமயத்தில். மனிதர் வளர்த்ததால் அடைகாக்கத் தெரியவில்லையா, அல்லது அந்த நேரத்தில் மொய்க்கும், ரத்தம் உறிஞ்சும் கறுப்பு ஈக்கள் விரட்டுகின்றனவா? இரண்டையும் பிரித்தறிய 2011, 2012-இல் ஓடைகளில் ஈப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்தைத் தெளித்தார்கள். கைவிடப்படும் கூடுகள் குறைந்தன. சரி, ஈக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனாலும் பொரிந்த குஞ்சுகளில் பறக்கும் வயதை எட்டியவை மிகக் குறைவு.

இங்கேதான் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். 2010-களில் கூட்டம் நூறை ஒட்டி நின்றது. நிலையான எண்ணிக்கை போலத் தெரியும். உண்மையில் அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மட்டத்தைப் பார்ப்பது. விடுவித்தவற்றைக் கழித்துவிட்டு, இயற்கையில் பொரிந்து பறக்கும் குஞ்சுகள் இறப்பை ஈடுகட்டுகின்றனவா என்று பார்த்தால் பற்றாக்குறைதான்.

குஞ்சு வளர்ப்பில் மனிதத் தலையீடு அதிகம் என்ற கவலையால் 2016 ஜனவரியில் விமான முறையைக் கைவிட முடிவானது. கொக்குப் பெற்றோரே வளர்த்த குஞ்சுகளை விடுவிக்கும் முறைக்கு மாறினார்கள். அவை நல்ல பெற்றோர் ஆகின்றனவா என்பது சீக்கிரம் தெரியாது. இந்தப் பறவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். மூன்றாண்டு நிதியில் ஓடும் ஆய்வு எதுவும் அந்தப் பதிலைத் தந்துவிட முடியாது.