ஃப்ளாரன்ஸுக்கு ஒரு வாரம் கொடுங்கள்

"பத்து நாளில் ஏழு நாடு" என்று அச்சடித்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மேடம், இதே மாதிரி எங்க ஃபேமிலிக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது வருவார்கள். வெளிநாட்டுப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில், சென்னையில் இருந்துகொண்டு பதினான்கு வருஷமாகச் செய்கிறேன். அந்த நோட்டீஸில் இத்தாலி என்ற தலைப்புக்குக் கீழே ஃப்ளாரன்ஸ் என்று ஒரே ஒரு வரி இருக்கும். விசாரித்துப் பார்த்தால், காலை பத்து மணிக்கு பஸ் கொண்டுபோய் இறக்கிவிடும், கைடு கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், கதீட்ரல் வாசலில் ஒரு போட்டோ, பழைய பாலத்தில் ஒரு போட்டோ, மதியம் ஏதோ ஒரு இந்தியன் பஃபே, மூன்று மணிக்கு பஸ் கிளம்பிவிடும். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால், "அங்க என்ன இருக்கு, எல்லாம் சர்ச்சுதான்" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. கையில் கிடைத்ததே ஐந்து மணி நேரம்தான், அதிலும் பாதி வரிசையில் நின்றே போயிருக்கும்.

மறுமலர்ச்சிக் கால ஓவியமும் சிற்பமும் உங்களுக்குக் கொஞ்சமாவது பிடிக்கும் என்றால், நல்ல சாப்பாட்டுக்காக நாலு தெரு நடக்கவும் தயார் என்றால், அந்தப் பத்து நாளில் ஏழு நாளை ஃப்ளாரன்ஸிலேயே வையுங்கள். ஒரே அறை, பெட்டியை ஒரு தடவை திறந்தால் போதும். ரோமும் வெனிஸும் இன்னொரு வருஷத்துக்கு இருக்கட்டும்.

ஒரே ஊரில் ஏழு நாள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் அன்னா மரியா லூயிசாவைப் பற்றிச் சொல்வேன். ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசு. ஆட்சி வேறு குடும்பத்தின் கைக்குப் போகப்போகிறது என்று ஆனதும் 1737இல் அவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். தங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஓவியம், சிலை, நூல், நகை எதையும் இந்த ஊரை விட்டு எடுத்துப் போகக் கூடாது என்பது அதில் நிபந்தனை. நாட்டுக்கு அழகாக, மக்களுக்குப் பயனாக, வெளியூர்க்காரர்களின் ஆவலை இழுப்பதற்காக என்று காரணத்தையும் எழுதி வைத்தார். இன்றைக்கு நாம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் நிற்பது அந்தக் கடைசி வரியின் பலன். பழைய நகரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம், அந்த அரை மணிக்குள் இருப்பதைப் பார்த்து முடிக்க ஒரு வாரம் போதாது.

தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்கும் தெரியாது. மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி ஒருவருக்கு ஒரே நாளில் காலை உஃபீட்ஸி ஓவியக்கூடம், மதியம் அக்காதெமியா அருங்காட்சியகம், சாயங்காலம் கதீட்ரலின் குவிமாடம் ஏறுவது என்று போட்டுக் கொடுத்தேன். குவிமாடத்துக்கு 463 படி. லிஃப்ட் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாகக் கட்டிய குவிமாடம் அது, அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத்தான் ஏற வேண்டும், பின்னாலேயே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். பாதி வழியில் சாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. இரவு போன் செய்தவர் கோபப்படவில்லை, "ஏம்மா, லிஃப்ட் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முட்டி வலி, மூச்சு வாங்குவது, இடுக்கில் பயம், இதில் எது இருந்தாலும் குவிமாடம் வேண்டாம். கதீட்ரலுக்குப் பின்னால் இருக்கும் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் நின்றால் அதே குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், மேலே போக லிஃப்ட்டும் உண்டு.

அதற்கப்புறம் நான் மாற்றாமல் வைத்திருக்கும் வழக்கம், ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் குறித்த டிக்கெட் எதுவும் கிடையாது. கண்ணும் காலும் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்துவிடும், அதற்கு மேல் எந்தப் படமும் மண்டையில் ஏறாது. நான் பார்த்தவரை இதற்கு வயது வித்தியாசம் கிடையாது.

உஃபீட்ஸியும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு போய் இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் மறுநாள் காலை பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் இலவசம், அன்றைக்குக் கூட்டமும் அப்படித்தான் இருக்கும், நிம்மதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். தேடினால் முதலில் வந்து விழுபவை பல நேரம் இடைத்தரகர் தளங்கள், பெயரும் முகப்பும் அசல் மாதிரியே இருக்கும், விலை இரண்டு மடங்கு வரை போகும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படி நாலு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் அங்கே இரண்டு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம்.

உஃபீட்ஸியில் எல்லா அறையையும் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பத்துப் படம் போதும். போட்டிசெல்லியின் வீனஸ் முன்னால் கூட்டம் இருந்துகொண்டேதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ நகரத்துப் பிரபுவும் அவர் மனைவியும் இருக்கும் இடத்துக்கு வாருங்கள். பிரபு ஒரு பக்க முகம்தான் காட்டுகிறார், ஏனென்றால் ஈட்டிப் போட்டியில் வலது கண் போய்விட்டது. மூக்குத் தண்டின் மேலே ஒரு வெட்டு இருக்கும், மருவையும் ஓவியர் மறைக்கவில்லை. அப்படியே பின்பக்கம் சுற்றிப் போங்கள், பலகையின் முதுகிலும் ஓவியம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

என் மனசுக்கு நெருக்கமான இடம் பார்ஜெல்லோ என்ற சிற்ப அருங்காட்சியகம். அங்கே சிற்பி டொனடெல்லோ பெயரில் இருக்கும் கூடத்துச் சுவரில் இரண்டு வெண்கலப் பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1401இல் கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நான மண்டபத்தின் கதவு யாருக்கு என்று ஒரு போட்டி நடந்தது, ஆபிரகாம் தன் மகனைப் பலிகொடுக்கப் போகும் காட்சியை எல்லோரும் செய்து காட்ட வேண்டும். கிபெர்ட்டி செய்தது ஒன்று, புரூனெலெஸ்கி செய்தது இன்னொன்று. புரூனெலெஸ்கியின் பலகையில் தேவதூதன் பாய்ந்து வந்து அப்பாவின் கையையே பிடித்து நிறுத்துகிறான், கத்தி பையனின் கழுத்துக்கு வந்துவிட்டது. கிபெர்ட்டியின் பலகையில் கத்தி இன்னும் தொடவில்லை, பையனின் உடம்பு அவ்வளவு அழகு. வென்றவர் கிபெர்ட்டி. தோற்றவர் பிற்பாடு அதே கதீட்ரலுக்கு அந்தக் குவிமாடத்தைக் கட்டினார், 1420இல் ஆரம்பித்துப் பதினாறு வருஷத்தில் முடித்தார். அந்தச் சுவர் முன்னால் இருபது நிமிஷம் நின்று, தீர்ப்பு சரியா என்று உங்களுக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். என்னுடைய ஓட்டு இன்றுவரை புரூனெலெஸ்கிக்குத்தான்.

சான் மார்கோ மடத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். துறவியாக இருந்த ஃப்ரா ஆஞ்சலிகோவும் அவர் கூட்டாளிகளும் 1440ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே அறை அறையாக வரைந்திருக்கிறார்கள். ஒரு சின்ன அறை, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு சித்திரம். அந்த அறையில் இருந்த துறவிக்கு அந்த ஒரே படம்தான். மாடிப்படி ஏறிக்கொண்டே தலையைத் தூக்கினால் நேர் எதிரே மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொல்லும் காட்சி இருக்கும், சிறகில் வண்ணம் வரிவரியாக.

ஓவியமும் சாப்பாடும் ஒன்றாகச் சேரும் இடமும் இந்த ஊரில் உண்டு, மடங்களின் சாப்பாட்டுக் கூடங்கள். இயேசுவின் கடைசி இராவுணவை அந்தக் கூடத்துச் சுவரிலேயே வரைந்து வைத்தார்கள், எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டார்கள். (லியனார்டோ வரைந்தது இருப்பது மிலானில். ஃப்ளாரன்ஸில் அதைப் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.) சாந்த் அப்பொல்லோனியாவில் காஸ்தாஞ்ஞோ 1447இல் வரைந்தது இருக்கிறது, யூதாஸ் மட்டும் மேசையின் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பான். ஒஞ்ஞிசாந்தி தேவாலயத்துக் கூடத்தில் கிர்லாந்தாயோ 1480இல் வரைந்தது. மேசை விரிப்பின் மேல் செர்ரிப் பழங்கள் சிதறிக் கிடக்கும், பின்னால் மரங்களும் பறவைகளும். இங்கெல்லாம் நீங்கள் போகும் நேரத்தில் பத்துப் பேர் இருந்தாலே அதிகம்.

சரி, சாப்பாடு. முதல் நாளே ரொட்டியில் உப்பு இல்லை என்று போன் வரும். அது கடைக்காரர் மறந்தது இல்லை, ஃப்ளாரன்ஸ் இருக்கும் தஸ்கனி பகுதியில் ரொட்டியே உப்பில்லாமல்தான் சுடுவார்கள், உப்பான பாலாடைக்கட்டியோடும் குழம்போடும் சேர்த்துச் சாப்பிடத்தான் அது. மிஞ்சிப்போன ரொட்டியை வீணாக்கவும் மாட்டார்கள். கருப்புக் கீரை, பீன்ஸ், பழைய ரொட்டி எல்லாம் போட்டுச் செய்வது ரிபொல்லீட்டா. மறுபடி கொதித்தது என்று அர்த்தம், நம் வீட்டில் சுண்டக் குழம்புக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த ருசி உடனே பிடிபடும். தக்காளியில் அதே ரொட்டியைக் கரைத்தால் பாப்பா அல் பொமொதோரோ, குழைந்த சாதம் மாதிரி வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் தெருவோர வண்டியில் லாம்ப்ரெதோத்தோ சாப்பிடாமல் வராதீர்கள். மாட்டின் நாலாவது இரைப்பை. நாள் முழுக்கக் கொதிக்கும் பாத்திரத்திலிருந்து முள்கரண்டியால் தூக்கி, பலகையில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, பன்னுக்குள் வைத்து, பச்சைச் சாந்தும் மிளகாய் எண்ணெயும் ஊற்றி, பன்னின் மேல் மூடியை அந்தக் கொதிக்கும் சாற்றில் ஒரு முக்கு முக்கித் தருவார்கள். போட்டி வறுவல் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது சொந்த ஊர்ச் சாப்பாடு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜிடேரியன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. க்ரொஸ்தீனி தொஸ்கானி என்று ரொட்டித் துண்டின் மேல் பழுப்பாகத் தடவி வருவது கோழி ஈரல். சூப்புக்கு அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம், "ப்ரோதோ" என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு கேளுங்கள். பார்மிஜானோ சீஸுக்குப் பால் உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள், கண்டிப்பான சைவம் என்றால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டுச் சமையலே வேண்டும் என்பவர்களுக்கு சாந்த் அம்ப்ரோஜோ சந்தைப் பக்கம் சமையலறையோடு அறை பார்த்துத் தருகிறேன். காலையில் அங்கே காய்கறி வாங்குவதே நல்ல பொழுதுபோக்கு.

பில்லைப் பார்த்துப் பதறாமல் இருக்கச் சில விஷயம். கோபெர்த்தோ என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ போடுவார்கள், மேசைக்கும் ரொட்டிக்கும், அது ஏமாற்று இல்லை. காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தால் அதுவே இரண்டு மூன்று மடங்கு. பிஸ்தேக்கா அல்லா ஃபியோரெந்தீனா என்ற பெரிய மாட்டுக்கறித் துண்டு எடைக்கு விற்பது. மெனுவில் எத்தோ என்று இருந்தால் 100 கிராமுக்கு அந்த விலை, துண்டோ ஒரு கிலோவுக்குக் குறையாது. இதைத் தெரியாமல் ஆர்டர் செய்துவிட்டு பில் வந்த பிறகு எனக்கு போட்டோ அனுப்பியவர்கள் மூன்று பேர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன்னால் போனால் பல இடங்களில் கதவே திறக்காது.

வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரத்தில் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். விமான நிலையத்திலிருந்து டிராம் இருக்கிறது, ஊருக்குள் கால்தான். விசா கைக்கு வரும் முன்னால் பணம் திரும்பாத அறையோ டிக்கெட்டோ எடுக்காதீர்கள், இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். நம் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதம் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது, ஆனால் பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்கள் நவம்பரைப் பாருங்கள். புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெய் அப்போதுதான் கடைக்கு வரும், சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதை ஊற்றிச் சாப்பிடலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நம் ஊர் வெயிலைப் போலவேதான்.

நான் அனுப்பும் திட்டத்தில் ஏழாம் நாள் பக்கம் காலியாக இருக்கும். "மேடம், கடைசிப் பக்கம் பிரிண்ட் ஆகலை போல" என்று போன் வரும். காலியாகத்தான் விட்டிருக்கிறேன் என்று சொல்வேன், திரும்பி வந்ததும் அன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பேன். போன வருஷம் கோவையிலிருந்து வங்கி வேலையில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா மகளோடு போனார். ஏழாம் நாள் மகள் செருப்புக் கடைக்குப் போய்விட்டாளாம். அம்மா மட்டும் தனியாக சான் மார்கோவுக்கு இன்னொரு டிக்கெட் எடுத்து, அந்தப் படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆட்கள் விலகிப் போகப் போக அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம்.