ஒரு விநாடிக்கு ஒரு முழம்

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் டூரிங் கொட்டாய் இருந்த காலத்தில், பள்ளிக்கூடப் பையன்கள் எல்லோர் பையிலும் ஒரு பிலிம் துண்டு இருக்கும். பியூஸ் போன பல்பின் அடிப்பகுதியை உடைத்துத் தண்ணீர் ஊற்றி லென்ஸாக வைத்துக்கொள்வோம். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டால் சுவரில் படம் தெரியும். அந்தத் துண்டில் யார் முகம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குள் போட்டி. படத்துக்கும் ஓரத்து ஓட்டைகளுக்கும் நடுவே நெளிந்து நெளிந்து ஓடிய மெல்லிய கோட்டை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது வேலூரில் பிள்ளைகளுக்கு விநாடி வினா நடத்துகிறேன். இசை, சினிமா, மொழி, அறிவியல் எல்லாம் கலந்துதான் கேள்வி வரும். போன முறை, "சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது, ஏன் 24?" என்று கேட்டேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். கண்ணில் விழுந்த பிம்பம் பதினாறில் ஒரு பங்கு விநாடி தங்கும், அதனால்தான் என்று பதில் வந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா 16 போதுமே சார், எதுக்கு 24?" என்றாள். சரியான கேள்வி. 24 என்ற கணக்கு கண்ணுக்காக வந்ததல்ல, காதுக்காக வந்தது.

கண்ணுக்கு 16 போதும் என்பதற்குப் பேசாத படங்களே சாட்சி. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த நடராஜ முதலியார் நம் வேலூரில் பிறந்தவர். அந்தப் படத்தின் ஒரு அடி பிலிம்கூட இன்று மிஞ்சவில்லை. நினைத்தாலே மனசு கனக்கிறது. அந்தக் காலத்துக் காமிராக்களைக் கையால் சுற்றுவார்கள். ஒருவர் கை விநாடிக்கு 16 படம் ஓட்டும், இன்னொருவர் கை 20 படம் ஓட்டும். திரையிடுகிறவரும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார். ஆள் நடப்பது சற்று விறுவிறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். சனங்கள் ரசித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

படம் மினுக்கினால்தான் கண் உறுத்தும். அதற்கு புரொஜக்டரில் ஒரு வழி செய்திருந்தார்கள். லென்ஸ் முன்னால் சுழன்று வெளிச்சத்தை மறைத்து மறைத்துத் திறக்கும் ஷட்டருக்கு மூன்று இதழ் வைத்தால், ஒரே படம் மூன்று முறை திரையில் பளிச்சிடும். 16 படம் 48 பளிச்சாகிவிடும், மினுக்கல் பெரும்பாலும் அடங்கிவிடும். 24 படம் ஓட்டும்போதும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவையாவது காட்டத்தான் வேண்டும். ஆகக் கண்ணை அதிகம் சமாதானப்படுத்தியது ஷட்டர்தான்.

அப்புறம் படம் பேச ஆரம்பித்தது. 1926இல் வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டோடு பிலிமை இணைத்து ஓட்டியபோது, கை போன போக்கில் சுற்றுகிற பழக்கத்துக்கு முடிவு வந்தது. நிமிடத்துக்கு 90 அடி என்று ஒரே வேகத்தை வைத்தார்கள். ஒரு அடி பிலிமில் 16 படம், எனவே 90 அடி என்றால் விநாடிக்கு 24 படம். 1931இல் ‘காளிதாஸ்' தமிழ் பேசியபோது இந்த அளவு ஊன்றிவிட்டது. 24 படத்தின் நீளம் ஒன்றரை அடி, அதாவது ஒரு முழம். வேலூர் மார்க்கெட்டில் பூக்காரம்மா மல்லியை முழம் போடுகிற மாதிரி, விநாடிக்கு ஒரு முழம் பிலிமை அளந்து விட்டுக்கொண்டிருந்தது புரொஜக்டர்.

வேகம் ஏன் இத்தனை கறாராக இருக்க வேண்டும்? பிலிம் ஓரத்தில் ஓடிய அந்த நெளிகோடுதான் காரணம். இசைத்தட்டு சீக்கிரமே போய்விட்டது. ஒலியைப் பிலிம் மேலேயே ஒளியாகப் பதிக்கத் தொடங்கினார்கள். கோடு அகலும் இடத்தில் வெளிச்சம் அதிகம் நுழையும், குறுகும் இடத்தில் குறையும். ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் மெல்லிய பிளவு வழியாகக் கோட்டின் மேல் விழுந்து, மறுபக்கம் உள்ள போட்டோ செல்லில் படுகிறது. வெளிச்சம் கூடிக் குறைவதற்கேற்ப மின்சாரமும் கூடிக் குறைகிறது, அது ஆம்பிளிஃபையர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. நாம் பாட்டு என்று கேட்டதெல்லாம் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்துக்குள் வெளிச்சம் போட்ட ஆட்டம்.

விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலி என்றால் ஒரு முழத்துக்குள் 1000 நெளிவு. ஒரு நெளிவுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடம். ‘ஸ்' என்ற சீறலில் 5000 அதிர்வுக்கு மேலும் உண்டு, அதற்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய 16 வேகத்தில் ஓட்டினால் இதையும் மூன்றில் இரண்டு பங்காக நெருக்க வேண்டும், நெளிவுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சரி, 24க்கு மேல் போயிருக்கலாமே என்றால், பிலிம் காசு ஏறும்.

வேகம் மாறினால் சுருதி மாறும் என்பது இன்னொரு சங்கடம். படம் நூற்றுக்கு நாலு வேகம் கூடினால் கண் கண்டுபிடிக்காது. ஆனால் காது? நம் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 படம். 24இல் எடுத்த பிலிமை அப்படியே 25இல் ஓட்டினால், ஒரு கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். ஆறு நிமிடம் போனது நமக்குத் தெரியாது. கொட்டாயில் கேட்ட பாட்டு வீட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்பது மட்டும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான். படம் லென்ஸ் முன்னால் விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். ஒரே பிலிம், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கவும் ஓடவும் முடியாது. அதனால் ஒலியைப் படிக்கும் இடத்தைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார்கள். நடுவில் பிலிமைத் தொங்கலாக ஒரு லூப் விட்டு அந்தக் குலுக்கலை அடக்கினார்கள். லென்ஸைக் கடந்த ஒரு கட்டம், அதாவது ஒரு படம், ஒலிப் பல்புக்கு வந்து சேர இன்னும் 20 கட்டம் நகர வேண்டும். ஒலியை அச்சடிப்பதோ 21 கட்டம் முன்னால். அந்த ஒரு கட்டம், ஸ்பீக்கரில் இருந்து நம் காதுக்கு ஒலி வருகிற நேரத்துக்காக. இருபத்து நாலில் ஒரு பங்கு விநாடியில் ஒலி போகும் தூரம் சுமார் 14 மீட்டர். அந்தத் தொலைவில் உட்கார்ந்தவருக்கு வாயும் வார்த்தையும் அச்சாகப் பொருந்தும். தரை டிக்கெட்காரருக்கு வார்த்தை ஒரு இம்மி முந்தும்.

ஆற்காடு பக்கக் கொட்டாய்களில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அதனாலதான் தம்பி, பிலிம் அறுந்து ஒட்டின இடம் வந்தா முதல்ல படம் குதிக்கும், ஒரு மூச்சு விட்டு வசனம் குதிக்கும்" என்றார். ஆமாம், 20 கட்டம் என்றால் முக்கால் விநாடிக்குச் சற்று மேல். சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அவர் கொடுத்த இரண்டு முழத் துண்டு ஒன்றை அடுத்த வாரம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கறுப்பு வெள்ளை, ஒரு பெண்ணின் முகம் பெரிதாக. ஜன்னல் வெயிலில் பிடித்து, அந்த மாணவியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஓரத்துக் கோட்டில் ஒரு மௌனத்தைத் தேடச் சொன்னேன். தமிழில் படம் என்பதும் பட்டம் என்பதும் வேறுபடுவது பெரும்பாலும் நடுவில் வரும் மௌனத்தால்தான். படத்தில் நாக்கு பட்டும் படாமல் போகிறது. பட்டத்தில் ‘ட்' என்று அடைத்து, பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் மூச்சே வெளியே வராமல் நின்று, பிறகு திறக்கிறது. மாத்திரைக்கு நம் இலக்கணத்தார் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாகச் சொன்னார்கள். பிலிமில் அதை விரலாலேயே அளக்கலாம். இரட்டித்த வல்லெழுத்து வந்தால் கோடு மூன்று கட்டத்துக்காவது ஆடாமல் மெலிந்து கிடக்கும்.

அவள் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். "ட்டவா, க்கவா சார்?"

"வாயைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த வாய் அங்கே இருக்காது."

கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று பின்பக்கமாக 21 கட்டம் எண்ணிக்கொண்டு போய்க் கண்ணாடியை வைத்தாள். அங்கே அடுத்தடுத்து மூன்று கட்டங்களில் உதடுகள் மூடியிருந்தன.

"ப்ப!" என்றாள்.