இந்திராணிக்கு ‘ணி’, பவானிக்கு ‘னி’

பவானி, சர்வாணி, ருத்ராணி, இந்திராணி ஆகிய பெண்பெயர்கள் ஒரே வார்ப்பில் பிறந்தவை. ஆண்பெயரோடு ‘ஆன்’ என்னும் அசையும், அதன்பின் ‘ஈ’ என்னும் பெண்பால் விகுதியும் சேர்ந்து இவை உருவாயின. கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி, இந்த ஆக்கத்துக்கென்றே ஒரு நூற்பா (4.1.49) வகுத்து, அதை ஏற்கும் சொற்களையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் முன்பே ரிக்வேதம் இந்திராணியையும் வருணானியையும் வேள்விக்கு அழைக்கிறது.

ஒரே விகுதி ஓரிடத்தில் ‘ணி’ என்றும் ஓரிடத்தில் ‘னி’ என்றும் ஒலிப்பதற்குக் காரணம் நாக்கின் அசைவில் இருக்கிறது. வடமொழி ஒலியியல், ரகரத்தை நாக்கு மேலே வளைந்து பிறக்கும் ஒலிகளோடு சேர்க்கிறது; ஒரு சொல்லில் ரகரம் வந்துவிட்டால், அந்த வளைவு பின்னால் வரும், பல்லைத் தொட்டுப் பிறக்கும் மூக்கொலியையும் (இப்பெயர்களில் நாம் னகரமாக எழுதுவது) இழுத்து ணகரமாக்குகிறது. சர்வாணியில் இடையே வரும் வகரம் இதைத் தடுப்பதில்லை, ஏனெனில் அதை ஒலிப்பது உதடு. நாநுனிக்கு அங்கே வேலையில்லை. வருணானியிலோ முதலில் வரும் ணகரமே அந்த வளைவை ஏற்று முடித்துவிடுவதால், அடுத்த மூக்கொலி மாறாமல் நிற்கிறது. பவானியில் ரகரமே இல்லை. எழுத்துப்பிழை என்று பலர் ஐயுறும் இந்த வேறுபாட்டுக்குள் இத்தனை ஒழுங்கு இருப்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. விதிவிலக்கும் உண்டு: ஆசிரியரின் மனைவியைக் குறிக்கும் ‘ஆசார்யானி’ ரகரம் இருந்தும் ‘னி’யோடு நிற்பதை, பாணினிக்கு உரைவிளக்கம் எழுதிய காத்யாயனர் தனியே குறித்துள்ளார்.

இவ்வாக்கத்தின் முதற்பொருள் ‘இன்னாரின் மனைவி’ என்பதே. பவன் என்பது சிவனின் பெயர்களுள் ஒன்று. அவன் துணைவி பவானி. இந்தியில் சேட்டின் மனைவியைச் ‘சேட்டானி’ என்பது இன்றும் அதே பொருளில்தான். ஆனால் பவானி என்று மகளுக்குப் பெயரிடுவோர் பவனை நினைப்பது அரிது. நீலகிரி மலைப்பகுதியில் தோன்றிக் காவிரியில் கலக்கும் ஆற்றுக்கும், அது கலக்குமிடத்து ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

பாணினியின் வரிசையில் ‘சிவ’ என்ற சொல் இல்லை. அப்படியிருந்தும் அதே வார்ப்பில் அமைந்த ‘சிவானி’ இன்று விரும்பி இடப்படுகிறது. நெடிலை அடுத்து மெல்லொலி வந்து இகரத்தில் முடியும் ஓசை இனிமையானது. தோழி, செல்வி, மாணவி எனப் பெண்பாலை இகரத்தில் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு, வடமொழி இலக்கணம் தெரியாமலே அது பெண்பெயராகப் புரிந்துவிடுகிறது.